அக்கா வெளியே வரும் கதவு

புல் விலை ஏறிய அதே ஆண்டில், அரசாங்கக் குதிரைத் துறையின் பெண் குதிரை முழுவதுமாகக் கண்ணுக்குத் தெரியாமல் போனது. இதனால் யாரும் பெரிதாக ஆடிப்போய்விடவில்லை. ஒரே நாளில் மறைந்திருந்தால் ஊர் கூடிப் பேசியிருக்கும். அது ஏழு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால், அக்கம்பக்கத்து ஆளுக்கு வழுக்கை விழுவதைப் பார்ப்பதுபோல எல்லோரும் பார்த்துப் பழகியிருந்தார்கள். குதிரை போனதே தவிர அதன் எடை எங்கும் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியில் மட்டம் இறங்கியது, லாயத்தில் லத்தி விழுந்தது, தானிய வாளி தானாக உருண்டு காலியானது. அதைப் பராமரித்த கதவுக்காரர் காலையில் லாயத்துக்குள் நுழைந்தால், வெதுவெதுப்பான மூச்சு ஒன்று கழுத்தில் படும், சட்டைக் காலர் பின்னாலிருந்து இழுபடும். "இரு, வர்றேன், ஒரே அவசரம் உனக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் வெற்றிடத்தைத் தேய்த்துக் குளிப்பாட்டுவார். தண்ணீர் மட்டும் குதிரை வடிவத்தில் வழிந்து தரையில் சேரும்.

ஊருக்கு வடக்கே அரசாங்கத்துக்குச் சொந்தமான மேய்ச்சல் வெளி ஒன்று கிடந்தது. ஒரு காலத்தில் சுரங்கத்தில் வண்டி இழுத்த குதிரைகளை, லாரிகள் வந்ததும் செலவு மிச்சம் என்று அங்கே அவிழ்த்துவிட்டார்கள். அவை காட்டுக் குதிரைகளாகிப் பெருகின. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லோரும் உரிமை கொண்டாடினார்கள். புல்லையெல்லாம் தின்று தீர்க்கின்றன என்று ஆட்டுக்காரர்கள் கத்தினார்கள். ஒரு முடியைக்கூடத் தொடக்கூடாது என்று படம் எடுக்க வந்தவர்கள் கத்தினார்கள். துறை இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை புல் தாங்குகிற அளவுக்கு மேல் உள்ளவற்றைப் பிடித்து, கேட்டவர்களுக்கு வளர்க்கக் கொடுத்தது. மழை பொய்த்த ஓர் ஆண்டில், வற்றிய குட்டையின் சேற்றில் முழங்கால் வரை புதைந்து நின்றபடியே செத்துப்போன குதிரைகளைக் கதவுக்காரர் கயிறு கட்டி இழுத்துப் போட்டிருக்கிறார். அதனால் பிடிப்பது பாவம் என்று யாராவது ஆரம்பித்தால் அவர் வாக்குவாதம் செய்வதில்லை. "அந்த வருஷம் நீங்க வந்திருக்கணும்" என்பார், அவ்வளவுதான்.

பிடிக்கும் முறை இதுதான். தொலைவிலிருந்து ஹெலிகாப்டர் மந்தையை விரட்டிவரும். சாக்குத் துணி கட்டிய இரண்டு வேலிகள் அகலமாகத் தொடங்கி, போகப்போக நெருங்கி, ஒரு பட்டியின் வாசலில் முடியும். அந்த வாசலோரம் புதருக்குப் பின்னால் கதவுக்காரர் பழகிய குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மந்தை மிரண்டு, எங்கே போவதென்று தெரியாமல் நெருங்கும்போது அதை அவிழ்த்துவிடுவார். பட்டிக்குள் தானிய வாளி இருப்பது அதற்குத் தெரியும். நேராக ஓடும். உயிர் பயத்தில் இருக்கிற மந்தை, போகும் இடம் தெரிந்த ஒருத்தியைப் பார்த்ததும் நம்பிப் பின்னால் போய்விடும். கதவுக்காரர் கயிற்றை இழுப்பார், வாசல் மூடிக்கொள்ளும். பிறகு அவர் சுற்றிக்கொண்டு போய்ப் பட்டியின் பின்பக்கம் இருக்கிற சின்னக் கதவைத் திறப்பார். முன்னால் ஓடிய குதிரை மட்டும் அதன் வழியாக வெளியே வரும், மற்றவை லாரிக்குப் போகும். மந்தை முழுவதும் அதன் பின்னால் தம்பி தங்கைகள் மாதிரி ஓடியதால் துறை ஊழியர்கள் அந்தக் குதிரைக்கு அக்கா என்று பெயர் வைத்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஹெலிகாப்டர் ஓட்டுநர்கூட வானத்திலிருந்து வயர்லெஸ்ஸில், "அக்கா ரெடியா?" என்றுதான் கேட்பார்.

முதல் ஆண்டில் ஒரு தவறு நடந்தது. எதிர்பார்த்ததைவிடப் பெரிய மந்தை சிக்கிவிட்ட குஷியில் எல்லோரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். பின்கதவைத் திறக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை, கதவுக்காரருக்கும் வரவில்லை. வெயில் சாய்ந்த பிறகு அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தபோது, அக்கா நெற்றியைப் பின்கதவில் அழுத்தியபடி அசையாமல் நின்றது. அதுவரை உடம்பு முழுக்கச் செம்பழுப்பு. திறந்ததும் வெளியே வந்தபோது நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை விழுந்திருந்தது. அதன் பிறகு அவர் ஒருமுறையும் மறந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிடிப்புக்குப் பிறகும் வெள்ளை பரவியது. உடம்பு முழுக்க வெளுத்து முடிந்ததும், அத்தோடு நிற்காமல், வெள்ளையும் வெளுக்கத் தொடங்கியது. ஐந்தாம் ஆண்டில் அதன் காதுக்குப் பின்னால் இருக்கிற வேலிக்கம்பி காது வழியாகத் தெரிந்தது. மாட்டு டாக்டர் வந்து நாக்கை இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை விரும்பிக் குடித்தது. காட்டுக் குதிரைகளோ கண்ணை மட்டும் நம்பி ஓடுகிறவை இல்லை என்பதால், ஒன்றும் தெரியாத இடத்தின் பின்னாலும் அதே நம்பிக்கையோடு ஓடிவந்தன.

கதவுக்காரருக்கு ஒரு தங்கை. அப்பா அம்மா போன பிறகு அவர்தான் அவளுக்கு எல்லாம். அவர் எங்கே போனாலும் பின்னாலேயே போய் வளர்ந்தவள். துறைக்கு வைக்கோல் கட்டு சப்ளை செய்த தீவனக் கான்ட்ராக்டர் அவளைப் பெண் கேட்டார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, குரல் உயர்த்திப் பேசமாட்டார், எந்தப் பொருளையும் பூட்டி வைப்பார். பொருட்களைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற மனிதர் மனைவியையும் பத்திரமாக வைத்துக்கொள்வார் என்று கதவுக்காரர் கணக்குப் போட்டார். கணக்கு சரியாகவே இருந்தது. தங்கை தயங்கினாள். "நான் இருக்கேன்ல? ஒத்துவரலன்னா நானே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்றார் அவர். அவள் நம்பிப் போனாள். கல்யாணமான மாதமே கான்ட்ராக்டர், திருட்டு பயம் என்று சொல்லி, வீட்டின் பின்கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார். முன்வாசல் இரும்பு கேட்டின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அடி உதை எதுவும் கிடையாது, அவர் வெளியே போகும்போது பூட்டுவார், அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் தங்கை பால்காரரிடம் சொல்லியனுப்பினாள். கதவுக்காரர் போனார். கூடத்தில் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார், கொடுத்த பிஸ்கட்டைத் தின்றார், கிளம்பும்போது தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, போகப்போகச் சரியாயிடும்" என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதன் பிறகு பேசவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போவார். டம்ளர் வரும். குடிப்பார். "நல்லா இருக்கியாம்மா?" என்பார். அவள் சுவரைப் பார்ப்பாள். அவருக்கு மனம் உறுத்தும். உறுத்தலோடு பஸ் பிடித்து வந்து அக்காவுக்குத் தானியம் ஊறவைப்பார். வருடங்கள் இப்படியே போயின. தங்கை ஒரு வார்த்தை பேசினால் போதும், திட்டினால்கூடப் போதும் என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார். வீட்டில் மனைவி, பிள்ளைகள் என்று எல்லாம் இருந்தும், அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி நேர்மையானவர், அதனால் தொல்லையும் அதிகம். துறையின் உடைமைகளைச் சரிபார்க்க லாயத்துக்கு வந்தவர் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, "எங்க?" என்றார். "உங்களுக்குப் பின்னாடிதான் சார்" என்றார் கதவுக்காரர். அதிகாரியின் தொப்பி தலையிலிருந்து கிளம்பி, அந்தரத்தில் நின்று, ஒரு ஓரமாக மெல்லப்பட்டது. குதிரை இருப்பதை அவர் மறுக்கவில்லை. இருக்கிறது, ஆனால் பார்வையில் இல்லை, பார்வையில் இல்லாததற்குத் தீவனம் போட விதி இடம் கொடுக்காது என்று விளக்கினார். புதிய குதிரை வரும், இதை யாருக்காவது கொடுத்துவிடலாம். "வயசான ஜீவன் சார், நானே வச்சுக்கறேன்" என்று கதவுக்காரர் கெஞ்சினார். துறையின் மிருகத்தைத் துறை ஊழியர் எடுக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. கூட நின்றிருந்த தீவனக் கான்ட்ராக்டர், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று முன்னால் வந்தார். ஆள் இல்லை, குதிரை இல்லை, வைக்கோல் வண்டி தானாகத் தெருவில் போனால் வியாபாரத்துக்கு எவ்வளவு பெரிய விளம்பரம் என்று அவர் மூளை அதற்குள் வேலை செய்திருந்தது.

ஆக, கதவுக்காரர் இரண்டாவது முறையாக அந்த வீட்டுக்கு ஓர் உயிரை அழைத்துக்கொண்டு போனார். கயிறு ஒன்று அவர் கையிலிருந்து நீண்டு காற்றில் முடிந்தது. தெருவில் யாரும் நின்று பார்க்கவில்லை. அக்கா முற்றத்துக்குள் நுழைந்ததும் நடுவாசலில் நின்ற தங்கைக்கு எதிரே போய் நின்றது. அவள் நெற்றி முடி மேலே எழும்பி அசைந்தது. அவள் கையை நீட்டினாள், கை காற்றில் ஒரு மேட்டின் மேல் தங்கி நின்றது. பிறகு குளம்புச் சத்தம் முற்றத்தைக் கடந்து, அடைத்துவைத்த பின்கதவு இருந்த இடத்துக்குப் போய் நின்றுவிட்டது. பட்டி எதுவானாலும் பின்பக்கம் ஒரு கதவு உண்டு, அதை இவர் வந்து திறப்பார் என்பதுதான் அக்கா இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டது. கான்ட்ராக்டர் வண்டியில் பூட்டிப் பார்த்தார். வண்டி பின்சுவரை நோக்கி மட்டுமே நகர்ந்தது. இரண்டு தரம் அச்சு முறிந்த பிறகு அவர் விளம்பர ஆசையைக் கைவிட்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் கதவுக்காரர் தங்கையைப் பார்த்தபோது, முதலில் நெற்றியோரம் உள்ளங்கை அகலத்துக்கு நரை. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு முகம் வெளுத்தது. வீட்டுக்குள்ளேயே இருந்தால் வெளுக்கத்தான் செய்யும். பிறகு ஒருநாள் அவள் ஜன்னலுக்கு முன்னால் நின்றபோது ஜன்னல் கம்பிகள் அவள் தோள் வழியாகத் தெரிந்தன. "உங்க தங்கச்சிக்கு ரத்தம் கம்மி போல மச்சான்" என்றார் கான்ட்ராக்டர், "டாக்டர் டானிக் குடுத்திருக்காரு." அலமாரியில் அதே இரும்புச்சத்து டானிக், அளவில் மட்டும் சின்னப் புட்டி. மதிய நேரங்களில் அவள் பின்சுவருக்குப் போய் அக்காவின் பக்கத்தில் நெற்றியைச் செங்கல்லில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று பால்காரர் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்ததாகச் சொன்னார்.

அந்த ஆண்டின் பிடிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, டம்ளர் தனியாக வந்தது. சமையலறையிலிருந்து கிளம்பி, கூடத்தின் நடுவில் இடுப்பு உயரத்தில் மிதந்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அவர் முன்னால் இறங்கி உட்கார்ந்தது. கான்ட்ராக்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது, துணி மடிந்து வருகிறது, அவருக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை. குதிரைக்கு நடந்ததை ஏழு வருடம் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் கதவுக்காரர். "ஏம்மா" என்று டம்ளருக்கு மேலே இருந்த காற்றைப் பார்த்துக் கூப்பிட்டார். புடவை உரசும் சத்தம் உள்ளே போனது. அன்று அவர் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்தார்.

மறுநாள் ஹெலிகாப்டர் மேலே ஏறியது. புதிய குதிரை தயாராக நின்றது, மந்தை தூசி கிளப்பிக்கொண்டு வேலிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. "கதவு ரெடியா?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டது. கதவு ரெடி, கதவுக்காரர்தான் இல்லை. அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, பட்டி அடிக்க வைத்திருந்த கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். மந்தை பட்டிக்குள் போய், மூடாத வாசல் வழியாகவே திரும்பி, ஹெலிகாப்டருக்கு அடியில் புகுந்து வெளியே ஓடிப்போனது. அதிகாரி சொன்ன வார்த்தைகளை எழுத வேண்டியதில்லை.

கதவுக்காரர் வீட்டின் பின்னால் இருக்கிற சந்துக்குள் நுழைந்தார். அடைத்த கதவைத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு நெற்றிகள் பட்ட உயரங்களில் செங்கல் தேய்ந்து, கண்ணாடி மாதிரியாகி, அதன் வழியாக முற்றத்துக் கொடியில் காயும் துணி தெரிந்தது. பட்டப்பகலில், தெருவே பார்க்க, அவர் இடித்தார். குதிரை போகிற அளவுக்கு வழி திறந்ததும் கடப்பாரையை வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. இந்தத் தொழிலில் முன்கதவை மூடத் தெரிந்தால் மட்டும் போதாது. பின்கதவைத் திறந்தவன் வழியை விட்டு விலகி, வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். கூப்பிட்டால் உள்ளே இருப்பது நின்று யோசிக்கும், யோசித்தால் வராது. கொஞ்ச நேரத்தில் குளம்புச் சத்தம் கேட்டது. ஈரமான மூக்கு ஒன்று அவர் காலரை இழுத்துப் பார்த்துவிட்டு, சந்தோடு நடந்து, வடக்கே திரும்பிப் போனது. அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். இன்னும் ஓர் ஆள் வரவேண்டும்.

மாலையில் கான்ட்ராக்டர் வந்து, சுவரைப் பார்த்து, வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். கதவுக்காரர் நகரவில்லை. "தப்பு என்னோடதுதான் மாப்பிள்ளை. அவ வந்ததும் நான் போயிடறேன்" என்றார். கான்ட்ராக்டர் உள்ளே போய் மனைவியைக் கூப்பிட்டார். பதில் இல்லை, அது அவருக்குப் பழகிப்போனதுதான். அடுத்த நாள் கொத்தனார் ஒருவரை அழைத்துவந்து அடைக்கச் சொல்லிவிட்டு, முன்கேட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். "ஆள் வரணும், கொஞ்சம் பொறுங்க" என்றார் கதவுக்காரர். கொத்தனார் நல்ல மனிதர், சிமெண்டைக் குழைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இருவரும் டீ வாங்கிக் குடித்தார்கள். அன்று முழுவதும் யாரும் வரவில்லை. ரொம்பத் தாமதமாக வந்துவிட்டோமோ, திறந்திருக்கிற வழியைக்கூட நம்பாத அளவுக்கு அவள் மனது விட்டுப்போயிருக்குமோ என்று கதவுக்காரர் நினைத்தார். மூன்றாம் மாதமே இந்தக் கடப்பாரையைத் தூக்காமல் பிஸ்கட் தின்றதை நினைத்து வாய் கசந்தது. துறையிலிருந்து ஆள் வந்து, வேலைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணை அந்த ஓட்டையிலிருந்து எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம், சந்தில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எவ்வளவு நேரம்ணா அங்கயே பாத்துட்டு உக்காந்திருப்ப? நான் அன்னைக்கே வெளிய வந்துட்டேன்."

அவர் திரும்பினார். எதிர்ச்சுவர் இருந்தது, அதில் சாய்த்துவைத்த கொத்தனாரின் சைக்கிள் இருந்தது.

"வந்துட்டியா? அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நீ எவ்வளவு நேரம் உக்காருவன்னு பாக்கணும் போல இருந்தது."

கதவுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கல்யாண வயசு வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி அழலாமா என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தோளில் ஒரு கை விழுந்தது, கனமாகவே இருந்தது. கொத்தனார் வேறு பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ அடைச்சுடலாங்களா?" என்று கேட்டார். "அடைச்சுடுங்க" என்றாள் தங்கை. அவர் சிமெண்டைக் குழைக்க ஆரம்பித்தார். புடவை உரசும் சத்தம் சந்தோடு நடந்து, அக்கா போன வடக்குப் பக்கமே திரும்பியது.

அதற்குப் பிறகு அந்தப் பட்டியில் எந்த மந்தையும் சிக்கவில்லை. ஹெலிகாப்டர் எவ்வளவு அழகாக ஓட்டிவந்தாலும், வேலி நெருங்குகிற இடத்தில் குதிரைகள் யாரையோ பின்தொடர்வதுபோல ஒட்டுமொத்தமாக வளைந்து வேறு பக்கம் போயின. அதிகாரி விதிகளை நன்றாகப் படித்தவர் என்பதால், பிடிக்க முடியாதவற்றைப் பெருகாமல் பார்த்துக்கொள்ள, பெண் குதிரைகளுக்கு ஆண்டுக்கொரு முறை கருத்தடை ஊசி போடலாம் என்று ஒரு விதியைக் கண்டுபிடித்தார். துப்பாக்கியால் தூரத்திலிருந்து சுட்ட ஊசிகள் பாதி புல்லில் விழுந்தன. கதவுக்காரரை அவர் வேலையிலிருந்து எடுக்கவில்லை. மருந்துப் பெட்டியை மேய்ச்சல் வெளியின் எல்லைக்கல்லின் மேல் வைத்துவிட்டு வருகிற வேலையைக் கொடுத்தார், ஏன் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பெட்டி அடுத்த வாரம் காலிப் புட்டிகளோடு அதே கல்லில் இருந்தது. குட்டிகள் அளவோடு பிறந்தன, புல் நின்றது. அடுத்து மழை பொய்த்த ஆண்டில் குட்டைச் சேற்றில் ஒரு குதிரையும் நின்று சாகவில்லை. ஆட்டுக்காரர்களும் படம் எடுக்கிறவர்களும் ஒரே நேரத்தில் வாயை மூடியது அந்தத் துறையின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

கான்ட்ராக்டர் இன்றும் கடைக்குக் கிளம்பும்போது முன்கேட்டைப் பூட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். சாப்பாடு ஏன் வருவதில்லை என்று அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார், உடம்பு சரியில்லையோ என்னவோ என்று அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். எல்லைக்கல்லில் உட்கார்ந்து கதவுக்காரர் மணிக்கணக்காகப் பேசுவதையும், நடுநடுவே நிறுத்தித் திட்டு வாங்குகிற முகத்தோடு தலையாட்டுவதையும் அந்தப் பாதையில் போகிறவர்கள் பார்ப்பதுண்டு. அவரவருக்கு அவரவர் வேலை, நின்று கேட்க யாருக்கு நேரம். அவருடைய மனைவிக்கு மட்டும் ஒரே குறை. எத்தனை சட்டை தைத்துக் கொடுத்தாலும் மனிதர் காலரைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுகிறாராம்.